யாரும் ஓட வேண்டாம்

ஸ்டோன்போர்ட், மிச்சிகன்
1993 ஜூன் 14, திங்கள்

அன்புள்ள ரோமான்,

முதலில் நல்ல செய்தி. நீ ஆறு வருடம் கட்டி மேய்த்த சாஃப்ட்பால் அணிக்கு இந்தக் கோடையில் கோச்சாக வர எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். ஊர் லீக் கூட்டத்தில் கசிமிர் லிப்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தலையை நிமிர்த்துவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. கையுறையை எந்தக் கையில் மாட்டுவது என்று தெரியாத ஒருத்தி இனி கோச்.

சட்டைகள் வந்துவிட்டன. இந்த வருடம் கறுப்பு. முதுகில் வெள்ளை எழுத்தில் 'லிப்கா ஈமச்சடங்கு இல்லம்'. அது போதாதென்று கசிமிர் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'கடைசி வரை உங்களோடு'. பத்திலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒன்பது பெண்கள் இதைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினால் டயர் கடை அணி பாதி ஆட்டத்தைப் பயத்திலேயே விட்டுவிடும்.

இனி இரண்டாவது செய்தி. இதை ரேடியோ தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் அதில் நாம் பேசினால் ஏரியில் உள்ள அத்தனை கப்பல்காரர்களும் காப்பியும் கையுமாக உட்கார்ந்து கேட்பார்கள். நம் சண்டை நம்மோடு இருக்கட்டும்.

டார்சி போன சனிக்கிழமை ஆல்பீனாவுக்குப் போனாள். ஹார்னெட்ஸ் என்ற பயண அணிக்கு ஆள் எடுத்தார்கள். வந்தவர்கள் முப்பத்தொரு பேர், எடுத்தது பதினொரு பேர். நம் மகள் அதில் ஒருத்தி, அதுவும் கேட்சர், அடிக்கிறவளுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற வேலை. எனக்கு விஷயம் தெரிந்ததே அவள் திரும்பி வந்த பிறகுதான்.

"அம்மா, சும்மா பார்த்துட்டு வரலாம்னுதான் போனேன்."

"பார்க்கப் போறவ எதுக்குடி கையுறையைத் தூக்கிட்டுப் போனே?"

"அதுவும் பார்க்கட்டுமேன்னுதான்."

வார நாளில் லிப்கா, சனி ஞாயிறு ஹார்னெட்ஸ், இரண்டிலும் ஆடுகிறேன் என்கிறாள். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு ஊர். நான் சரி என்று சொல்லிவிட்டேன். நீ கத்துவாய் என்று தெரியும். கடிதத்தில் கத்து.

உன்
லோர்னா

*

'எட்வின் ஹால்வர்சன்' கப்பல்
ஜூன் 23

லோர்னா,

உன் கடிதம் நேற்று டெட்ராய்ட் ஆற்றில் கிடைத்தது. தபால் படகு பக்கத்தில் ஒட்டி வந்தது, நாங்கள் கயிற்றில் வாளியை இறக்கினோம், உன் கடிதமும் சமையல்காரருடைய புதுப் பல்செட்டும் ஒன்றாக மேலே ஏறி வந்தன. அவர் சந்தோஷமாக இருக்கிறார். நான் இல்லை.

இந்த வீட்டில் ஊர் ஊராகப் போகிறவன் ஒருவன் போதும். நான் இந்த வருடம் வேறு வழியில்லாமல் கப்பலேறினேன். சுக்கானைப் பிடித்தால்தான் எனக்குச் சோறு. பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு என்ன தலையெழுத்து?

நான் கோச்சாக ஆரம்பித்தபோது ஊர் லீக்கில் ஆறு அணிகள் இருந்தன. இப்போது நான்கு. நன்றாக ஆடுகிற ஒருத்தி பயண அணிக்குப் போவாள். அடுத்த வாரம் அவளுடைய தோழியின் அம்மாவும் காரைக் கிளப்புவாள். மிச்சம் இருப்பவர்கள், தங்களை யாரும் கூப்பிடவில்லை என்று தெரிந்துகொண்டு, வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். நான் அந்தக் குழந்தைகளுக்காகத்தான் ஆறு கோடை வெயிலில் நின்றேன். அந்த வரிசையை என் மகளே தொடங்கி வைக்க வேண்டுமா?

ஆகஸ்டு 28 எனக்கு விடுப்பு. துறையில் இறங்கும்போது அவள் லிப்கா சட்டையோடு நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

உனக்குத் தெரிய வேண்டியவை: வலது கையால் எறிகிறவள் இடது கையில் கையுறை மாட்டுவாள். எட்டுப் பேர் இல்லாமல் ஆட்டத்தைத் தொடங்க விட மாட்டார்கள், ஆளை எண்ணிக்கொண்டே இரு. ஊர் லீக் சட்டம் நான் எழுதிய ஒரே ஒரு தாள், ஒன்பது வரி, கராஜில் ஆணி டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் அம்பயர் மாவிஸைக் கேள். தபால் போட வரும்போதே கேட்கலாம்.

ரோமான்

*

ஸ்டோன்போர்ட்
ஜூலை 12, திங்கள்

அன்புள்ள ரோமான்,

கத்தி முடித்துவிட்டாயா? நல்லது. ஒரு கேள்வி. மூன்றாவது ஸ்ட்ரைக், அதாவது மூன்றாவது முறையும் மட்டை பந்தில் படவில்லை என்றால் அவுட்தானே?

சனிக்கிழமை டிராவர்ஸ் சிட்டியில் ஹார்னெட்ஸுக்கு நாலாவது ஆட்டம், கடைசி இன்னிங்ஸ், ஒரு ரன் பின்தங்கியிருக்கிறோம். டார்சி அடிக்க நின்றாள். மூன்று முறை சுழற்றினாள், மூன்று முறையும் காற்றைத்தான் அடித்தாள். மூன்றாவது பந்து அவளுக்குப் பின்னால் இருந்த கேட்சருடைய கையிலிருந்தும் நழுவி வேலி வரைக்கும் உருண்டு போய்விட்டது. அந்தப் பெண் பின்னாலேயே ஓடுகிறாள். எங்கள் பக்கம் எல்லோரும் எழுந்து நின்று "ஓடு, ஓடு" என்று தொண்டை கிழியக் கத்துகிறார்கள். நம் மகள் என்ன செய்தாள் தெரியுமா? மட்டையை அதன் இடத்தில் ஒழுங்காக வைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றினாள். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். கேட்சர் பந்தை எடுத்துக்கொண்டு நடந்தே போய், மட்டை பிடித்தவள் ஓடிவந்து தொட வேண்டிய முதல் பேஸில் கொடுத்தாள்.

கோச் கென்ட் ட்ரெஸ்கோ கோபக்காரர் இல்லை. ஆல்பீனாவில் மரக்கடை வைத்திருக்கிறார், பலகையை அறுப்பதுபோல ஒரே சீராகப் பேசுகிறார். அவளைப் பக்கத்தில் கூப்பிட்டுச் சொன்னார்:

"பந்தைக் கீழ விட்டா அந்த கேட்சர் இன்னும் வேலையை முடிக்கலைன்னு அர்த்தம். அவ முடிக்கிறதுக்குள்ள நீ முதல் பேஸுக்குப் போயிடலாம். உலகம் முழுக்க இதான் சட்டம். உங்க ஊர்ல வேற மாதிரியா?"

"எங்க ஊர்ல அதோட அவுட், கோச்."

"யார் சொன்னா?"

திரும்பி வரும் வழியில் இரண்டு மணி நேரம் காரில் கையுறையின் வாரை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் கேட்டாள்: "அப்பா ஏன் எங்களுக்குத் தப்பா சொல்லிக்கொடுத்தார்?"

அப்பாவையே கேட்கலாம் என்றேன். உனக்குத் தெரிந்தால் எழுது.

நேற்றிலிருந்து ஒரே பயிற்சி. நம் அணி வெண்டி பந்தை வேண்டுமென்றே தரையில் போடுகிறாள், இவள் ஓடுகிறாள். இன்று காலை சமையலறையில் நான் ஒரு உருளைக்கிழங்கைக் கைதவறிப் போட்டேன். டார்சி வாசல் வரை ஓடிவிட்டாள்.

லோர்னா

*

'எட்வின் ஹால்வர்சன்'
ஜூலை 22

லோர்னா,

தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன் என்றா கேட்டாள். அந்த வரியை நான்கு முறை படித்தேன். பிறகு எனக்குச் சுக்கான் பிடிக்கும் முறை வந்தது. அங்கே நின்றும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சட்டம் நான் எழுதியது. '89இல். எட்டு வயதுக் குழந்தைகளுக்குப் பந்து கையில் நிற்காது. ஒவ்வொரு மூன்றாவது ஸ்ட்ரைக்கும் கீழே விழும், அடித்தவள் ஓடுவாள், கேட்சர் துரத்துவாள், ஒரு இன்னிங்ஸ் முடிய முக்கால் மணி நேரம் ஆகும். வெண்டி நோவிட்ஸ்கி அழுதுகொண்டே நின்றாள். அதனால் ஏழாவது வரியாக இதைச் சேர்த்தேன்: 'மூன்றாவது ஸ்ட்ரைக்கோடு அடித்தவள் அவுட். பந்து எங்கே உருண்டாலும் யாரும் ஓட வேண்டாம்.' எல்லோரும் கைதட்டினார்கள். ஊர் லீக்குக்கு அது சரியான சட்டம். மரக்கடைக்காரருக்கு உலகம் பெரியது என்றால் அவர் அங்கேயே இருந்துகொள்ளட்டும்.

அவளைப் பயண அணியிலிருந்து எடுத்துவிடு. ஒரு அவமானம் போதாதா?

அவள் கேட்சராக நின்றபோது எத்தனை பந்தைக் கீழே விட்டாள் என்று நீ எழுதவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்கிறேன், வேறொன்றுமில்லை.

ரோமான்

*

ஸ்டோன்போர்ட்
ஆகஸ்டு 4, புதன்

ரோமான்,

ஒன்றுகூட இல்லை. நான்கு ஆட்டம், ஒரு பந்தைக்கூடக் கீழே விடவில்லை. நீ கேட்டாய் என்று சொன்னேன். "நிஜமாவா கேட்டார்?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள்.

ஆனால் அது போன மாதம். இப்போது நிலைமை வேறு. லிப்கா அணி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஆமாம், நான் கோச்சாக இருந்தும். எதிரணி டயர் கடை. இந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணி. அதே சனிக்கிழமை ஹார்னெட்ஸுக்கு சாகினாவில் போட்டி, காலை பத்து மணிக்கு எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு தேதியும் ஒன்றாக வரும் என்று நான் ஜூனிலேயே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை, திட்டிக்கொள்.

திங்கட்கிழமை நம் அணிப் பெண் ஜோடி மெக்லின் டிராம்போலினிலிருந்து விழுந்து கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். ஒன்பது எட்டானது. டார்சி சாகினாவுக்குப் போனால் ஏழு. ஏழு பேரை ஆட விட மாட்டார்கள். டயர் கடைக்கு ஆடாமலேயே கோப்பை.

நான் எதுவும் சொல்லவில்லை. உன் கடிதத்தையும் காட்டவில்லை. அவளே தொலைபேசியை எடுத்தாள். நான் பாத்திரம் கழுவுவதுபோல நின்றேன்.

"கோச், நான் டார்சி. சனிக்கிழமை எங்க ஊர் ஃபைனல். நான் இல்லன்னா ஏழு பேர்தான் இருக்காங்க."

அந்தப் பக்கம் என்னவோ சொன்னார்.

"தெரியும் கோச். எனக்கும் சாகினாவுக்கு வரணும்னுதான் ஆசை. ஆனா எங்க டீம் பெர்னிகிட்ட நான் வரேன்னு சொல்லிட்டேன்."

மறுபடி என்னவோ சொன்னார். அவள் முகம் இறுகிவிட்டது. "தேங்க்ஸ் கோச்" என்று வைத்துவிட்டாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். "சனிக்கிழமை வரலைன்னா இனிமே வர வேண்டாம்னுட்டார்."

ஹார்னெட்ஸ் சட்டையைத் துவைத்து, காயவைத்து, அவளாகவே இஸ்திரி போட்டு மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவள் துணியை அவளே இஸ்திரி போட்டு நான் இதுவரை பார்த்ததில்லை. நீ கேட்டது கிடைத்துவிட்டது ரோமான். இப்போது திருப்தியா?

லோர்னா

*

ஸ்டோன்போர்ட்
ஆகஸ்டு 7, சனி, பகல் இரண்டு மணி

ரோமான்,

மைதானத்திலிருந்து வந்ததும் வராததுமாக எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போன கடிதத்தின் கோபத்தை ஓரமாக வை. இதை உட்கார்ந்து படி, படித்த உடனே பதில் எழுது. ஊரே காத்திருக்கிறது, மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

கடைசி இன்னிங்ஸ். ஏழுக்கு ஏழு. நாங்கள் அடிக்கிறோம். ஒரு அவுட் ஆகிவிட்டது, மூன்றாவது பேஸில் வெண்டி நிற்கிறாள். அவள் 'வீட்டுக்கு', அதாவது அடிக்கிற இடத்தில் பதித்த தட்டுக்கு, வந்துவிட்டால் ஒரு ரன், கோப்பை நமக்கு. அடிக்க வருவது டார்சி. கசிமிர் சவ வண்டியை வேலியோரம் நிறுத்தி அதன் மேலேயே ஏறி நிற்கிறார்.

முதல் ஸ்ட்ரைக். இரண்டாவது. மூன்றாவது, பெரிதாகச் சுழற்றினாள், தவறிவிட்டது. பந்து கேட்சருடைய காலிடுக்கில் புகுந்து பின்னால் போனது. அவ்வளவுதான், டார்சி ஓடினாள். ஒரு மாதம் பழகிய கால் ரோமான், அதற்கு எந்த லீக் என்று எப்படித் தெரியும்? டயர் கடை கேட்சர் இவள் ஓடுவதைப் பார்த்துப் பதறிப்போய், பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தாள். அது அங்கே நின்றவள் தலைக்கு மேலே பறந்து டயர் கடைக்காரர்களுடைய ஐஸ் பெட்டியில் போய் விழுந்தது. வெண்டி சும்மா இருப்பாளா? ஓடி வந்து வீட்டை மிதித்துவிட்டாள்.

எட்டுக்கு ஏழு. நாங்கள் கட்டிப்பிடித்துக் குதிக்கிறோம். டுவேன் ஹூக்ஸ்ட்ரா, டயர் கடைக்காரர், உன் சட்டத் தாளை ஆட்டிக்கொண்டு வருகிறார்.

"மாவிஸ், ஏழாவது வரியைப் படி. 'யாரும் ஓட வேண்டாம்.' யாரும்னா வெண்டியும்தான். அவ திரும்பி மூணாவது பேஸுக்குப் போகணும்."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "டுவேன், வேண்டாம்னா என்ன அர்த்தம்? காப்பி வேண்டாம்னா குடிக்கக் கூடாதுன்னா அர்த்தம்? தேவையில்லைன்னு அர்த்தம். ஓடத் தேவையில்லை, ஆசைப்பட்டா ஓடலாம்."

"என் பொண்ணுகிட்ட ஏரிக்குப் போக வேண்டாம்னு சொன்னா, ஆசைப்பட்டா போகலாம்னா அர்த்தம்?"

அரை மணி நேரம். பாதிரியார் ஒரு பக்கம், பள்ளி ஆசிரியை மறு பக்கம். தம்பதிகள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். கடைசியில் மாவிஸ் முகமூடியைக் கழற்றி, "எழுதின ஆள் உயிரோடதான் இருக்கார், அவர் விலாசமும் என்கிட்ட இருக்கு. என்ன நினைச்சு எழுதினார்னு அவரே சொல்லட்டும். எழுத்துல, கையெழுத்தோட. ரேடியோல சொன்னா ஒத்துக்க மாட்டேன், ஆளாளுக்கு ஒண்ணு கேட்டேன்பீங்க" என்றாள். ஆட்டம் அப்படியே நிற்கிறது.

ஓடலாம் என்றால் நாம் ஜெயித்தாயிற்று. ஓடக் கூடாது என்றால் வெண்டி மூன்றாவது பேஸுக்குத் திரும்ப வேண்டும், டார்சி இரண்டாவது அவுட், அடுத்து அடிக்க வேண்டியது பெர்னி ஜுராவ்ஸ்கி. பத்து வயது. இந்தக் கோடை முழுக்க அவள் மட்டை பந்தைத் தொட்டதே இல்லை. ஒரே ஒரு முறை பந்துதான் வந்து அவளைத் தொட்டது. உன் பதில் வரும் வரைக்கும் அந்தக் குழந்தைக்குச் சோறு இறங்காது.

பொய் சொல்லாதே. ஆனால் நன்றாக யோசித்துச் சொல்.

லோர்னா

டார்சி கீழே ஒரு வரி எழுதட்டுமா என்கிறாள்: அப்பா, ஓடினதுக்கு ஸாரி. கால் தானா போயிடுச்சு.

*

'எட்வின் ஹால்வர்சன்'
ஆகஸ்டு 12

லோர்னா,

உள்ளே இரண்டு தாள் இருக்கிறது. முதல் தாளை மாவிஸிடம் கொடு. இது உனக்கு மட்டும்.

கப்பலிலும் இரண்டு கட்சி. சமையல்காரர் புதுப் பல்லோடு உன் கட்சி. "எட்டுக்கு ஏழுன்னு எழுதிப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்குப்பா, உன் பொண்ணு டீம்யா" என்கிறார். கேப்டன் டுவேன் கட்சி. நான் இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்க ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். 'ஓடக் கூடாது' என்று நினைத்துத்தான் எழுதினேன். அதைத்தான் முதல் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெர்னியிடம் என்னை மன்னிக்கச் சொல்.

இப்போது நான் யாரிடமும் சொல்லாதது. வெண்டி அழுதாள் என்று எழுதினேனே, அது பொய். வெண்டி அன்றைக்கு ஊரிலேயே இல்லை. அழுதது டார்சி. அப்போதும் அவள்தான் கேட்சர். ஒரே ஆட்டத்தில் பதினொரு மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கீழே விட்டாள், பதினொரு பேரும் அவளைத் தாண்டி ஓடினார்கள். ஆட்டம் முடிந்ததும் கருவி அறைக்குப் பின்னால் போய் முகமூடியைக் கழற்றாமலேயே அழுதாள், யாரும் பார்க்கக் கூடாதென்று. நான் பார்த்தேன். மறுநாள் ஏழாவது வரியை எழுதினேன். ஊர்க் குழந்தைகளுக்காக என்றேன். என் குழந்தை இன்னொரு முறை அப்படி அழக் கூடாது என்பதற்காக ஊர் ஆட்டத்தையே மாற்றினேன் லோர்னா. யாரும் ஓட வேண்டாம் என்று எழுதினால் யாரும் அவளை விட்டு ஓடிப்போக மாட்டார்கள் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

இப்போது நான்கு ஆட்டத்தில் ஒன்றைக்கூடக் கீழே விடவில்லை என்கிறாய். அதை நான் பார்க்கவில்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் போனதால் இல்லை, நான் அங்கே இல்லாததால்தான் இத்தனை நாள் கத்தினேன்.

அந்த ஹார்னெட்ஸ் சட்டையைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கச் சொல். ட்ரெஸ்கோவிடம் நான் வேண்டுமானாலும் பேசுகிறேன். ஓடியதற்கு ஸாரி கேட்கக் கூடாது என்று அவளிடம் சொல். இது 'தேவையில்லை' இல்லை, 'கூடாது'தான்.

ரோமான்

*

ஸ்டோன்போர்ட்
ஆகஸ்டு 18, புதன்

என் அன்பு ரோமான்,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மாவிஸ் தபால் பையோடு வந்தபோது பின்னால் நாற்பது பேர் வந்தார்கள். உறையை என் கையில் கொடுத்துவிட்டு, "தபால்காரியா இதை நான் பிரிக்கக் கூடாது, அம்பயரா நான்தான் படிக்கணும், சீக்கிரம் பிரி" என்றாள். நான் பிரித்தேன். இரண்டாவது தாளை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். முதல் தாளை மாவிஸ் படித்தாள். டுவேன் தொப்பியைக் கழற்றி, "சொந்தப் பொண்ணுக்கு எதிராவே எழுதிட்டாரே" என்றார். நாற்பது பேரும் திரும்பிப் பெர்னியைப் பார்த்தார்கள். "அப்போ நான்தானா?" என்றாள் அவள்.

செவ்வாய் மாலை ஆறு மணிக்கு ஆட்டம் தொடரும் என்று முடிவானது. ரோமான், நீ பார்த்திருக்க வேண்டும். மைதானத்தில் நிற்க இடமில்லை. மடக்கு நாற்காலி, செர்ரி பை பலகாரம், தீயணைப்பு நிலையத்து பேண்டு. பெர்னி பச்சையாக வெளிறிப்போய் நிற்கிறாள். பத்து நாளாக ஊரெல்லாம் ஒரே பாட்டு, 'வேண்டாம்னா கூடாது, வேண்டாம்னா கூடாது' என்று. அது எப்படி முடிந்தது என்று கேள்.

முதல் பந்து. பெர்னி கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினாள். 'டொக்' என்றது. தொட்டுவிட்டாள். பந்து எட்டடி தூரம் சோம்பலாக உருண்டு, பந்து எறிகிற பிட்சருடைய காலடிக்குப் போனது. பெர்னி அசையவில்லை. மூன்றாவது பேஸில் வெண்டியும் அசையவில்லை. பிட்சர் கெய்லா பந்தைக் குனிந்து எடுத்து, எறியாமல் மாவிஸைப் பார்த்துக் கேட்டாள்: "இதுக்கு ஓடலாமா, கூடாதா?"

அப்போது பெஞ்சிலிருந்து டார்சி கத்தினாள் பார்: "அடியே, இது மூணாவது ஸ்ட்ரைக் இல்லடி, நீ அடிச்சுட்டே, ஓடு!"

பெர்னி ஓடினாள். வெண்டி ஓடினாள். கெய்லா விழித்துக்கொண்டு முதல் பேஸுக்கு எறிந்தாள். பெர்னியின் கால் முதலில், பந்து பிறகு, ஒரு விரற்கடை வித்தியாசம். வெண்டி வீட்டை மிதித்தாள். எட்டுக்கு ஏழு, இந்த முறை யாரும் தாளை ஆட்டவில்லை. கசிமிர் சவ வண்டியின் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பாதிப் பேர் இன்னும் நாற்காலியை விரித்து முடிக்கவில்லை.

இத்தனை பலகாரம் சுட்டுக்கொண்டு வந்து ஒரு நிமிடத்தில் வீட்டுக்குப் போவதா? இரண்டு அணியையும் கலந்து, வெளிச்சம் இருக்கும் வரை சும்மா ஆடலாம் என்றார் டுவேன். வெண்டி கேட்டாள்: "மூணாவது ஸ்ட்ரைக் கீழ விழுந்தா ஓடலாம்னு வச்சு ஆடலாமா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏப்ரன் பையில் கையை வைத்துக்கொண்டு, ஆடலாம் என்றேன். டார்சி கேட்சராக உட்கார்ந்தாள். ஒருத்திக்குக்கூட ஓட வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அப்போதுதான் பார்த்தேன், வேலியோரம் ட்ரெஸ்கோ ஹாட் டாக் தின்றுகொண்டு நிற்கிறார். செய்தித்தாளில் படித்துவிட்டு ஆல்பீனாவிலிருந்து வந்திருக்கிறார். நேராக டார்சியிடம் போனார்.

"சாகினாவுல மூணு ஆட்டம் தோத்தோம். மூணுலயும் மூணாவது ஸ்ட்ரைக்கைக் கீழ விட்டுத்தான் தோத்தோம்."

"ஐயோ. யாரு கேட்சர்?"

"யாரோ. நீ எப்போ வர்ற?"

"நீங்கதான் வர வேண்டாம்னு சொன்னீங்களே கோச்."

அந்த மரக்கடைக்காரர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "வேண்டாம்னுதானே சொன்னேன்? வரக் கூடாதுன்னு சொல்லலையே."

நான் விடவில்லை. அங்கேயே அவரையும் டுவேனையும் மாவிஸையும் உட்காரவைத்து, பலகாரம் வந்த அட்டைத் தட்டின் பின்புறம் எழுதி வாங்கிவிட்டேன்: அடுத்த வருடத்திலிருந்து ஊர் லீக் ஆட்டம் எல்லாம் திங்களிலிருந்து வியாழனுக்குள், ஃபைனலும் உட்பட. சனி ஞாயிறு ஹார்னெட்ஸுக்கு. 'வேண்டாம்' என்ற வார்த்தை அதில் எங்கேயும் இல்லை, இரண்டு முறை சரிபார்த்தேன்.

இரண்டாவது தாளை டார்சியிடம் காட்டினேன். உன்னைக் கேட்காமல் காட்டினேன், திட்டிக்கொள். நிதானமாகப் படித்தாள். "அப்பா பார்த்துட்டாரா?" என்றாள். பிறகு, "எனக்கு அது பதினொண்ணுன்னு ஞாபகமே இல்லை, அவர் எண்ணி வச்சிருக்கார் பாரேன்" என்றாள்.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. ஆகஸ்டு 28, 29 இரண்டு நாளும் பே சிட்டியில் ஹார்னெட்ஸின் கடைசிப் போட்டி. நீ இறங்கும்போது துறையில் யாரும் நிற்க மாட்டோம், எந்தச் சட்டையிலும். டார்சி உன்னிடம் கேட்கச் சொன்னாள். போகாதே என்றால் போக மாட்டாளாம்.

லோர்னா

*

'எட்வின் ஹால்வர்சன்'
ஆகஸ்டு 23

லோர்னா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். பெர்னி அசையாமல் நின்ற இடத்தில் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு "ஓடும்மா" என்று கத்தினார். கேப்டன், டுவேன் கட்சிக்காரர், எழுந்து நின்றார். வெண்டி வீட்டை மிதித்ததும் இருபத்தாறு பேரும் மேசையைத் தட்டினார்கள். அந்த இடத்தில் தாளைப் பக்கத்தில் நீட்டிவிட்டேன். மிச்சத்தைத் துணை அதிகாரி படித்தார்.

காட்டியதற்குத் திட்ட மாட்டேன். நானே காட்டியிருக்க மாட்டேன், அதனால்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கப்பல் துறைக்கு வரும். துறையில் யாரும் நிற்க வேண்டாம். எந்த அர்த்தத்தில் என்று கேட்காதே, இரண்டு அர்த்தத்திலும்தான். என் டிரக்கை மட்டும் துறையில் விட்டுவிட்டுப் போ, சாவி முன் சக்கரத்துக்கு மேல். குளிக்காமல், துணி மாற்றாமல் நேராக வருகிறேன், பக்கத்தில் உட்காருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும்.

பே சிட்டியில் எத்தனையாவது மைதானம் என்று மட்டும் எழுதி டிரக்கில் வை.

ரோமான்